நோட்டு அழகாக இருக்கிறது, பிள்ளை படிக்கிறதா?

வடசென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு இந்த ஜூனில் புதிதாய் வந்து சேரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நீட்டி, "கண்ணாடி எடுத்துட்டு வரலைங்க, கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்று கேட்கும் முப்பது வயதுக்காரரைத் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ நீங்களும் பார்ப்பீர்கள். அவருக்குப் பெரும்பாலும் கண்ணில் கோளாறு இருக்காது. ஐந்தாவதோ எட்டாவதோ வரை பள்ளிக்கு வந்தவராகத்தான் இருப்பார். பதிவேட்டில் பெயர் இருந்திருக்கும், நோட்டில் ஆசிரியரின் கையொப்பம்கூட இருந்திருக்கும். வாசிக்க மட்டும் வரவில்லை. ஆசிரியர் பதித்த தடம் ஆயுசுக்கும் அழியாது என்கிறார்களே, இதுவும் அந்தத் தடம்தான். பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி வணக்கம் சொல்கிற பழைய மாணவர்களை வைத்து நம் வேலையை நாமே எடைபோட்டுக்கொள்வது சுகமான பழக்கம். சீட்டை நீட்டுகிறவர் நம்மைத் தூரத்தில் கண்டாலே ஒதுங்கிவிடுவார். அதனால் கணக்கில் வருவதில்லை.

ஆகவே ஒரே ஒரு விஷயத்துக்காக இந்த மடல். பார்த்து எழுதுகிற பிள்ளையைப் படிக்கத் தெரிந்த பிள்ளை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பலகையைப் பார்த்து எழுதுவது ஓவியம் வரைவதுபோல ஒரு வேலை. எழுத்து தெரியாத பிள்ளையும் அதை அச்சுப்போலச் செய்துவிடும். கண்டுபிடிக்க அதன் கண்ணைக் கவனியுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை ஒரு சொல்லுக்கு ஒருமுறை நிமிரும்; வரைகிற பிள்ளை ஒவ்வொரு எழுத்துக்கும் நிமிரும். பலகையில் இடமில்லாமல் சொல் எங்கே மடிந்ததோ, நோட்டில் இடம் இருந்தும் அங்கேயே மடித்து எழுதும். உங்கள் கை பட்டுப் பாதி அழிந்த எழுத்தைப் பாதியாகவே எழுதி வைக்கும். சந்தேகம் வந்தால் அதன் நோட்டையே அதனிடம் கொடுத்து, "இதுல 'படகு' எங்க இருக்கு, விரல் வச்சுக் காட்டு" என்று கேளுங்கள். தன் கையால் எழுதிய சொல்லைத் தேடத் தெரியாமல் விழிக்கும்.

பாடப்புத்தகமும் ஏமாற்றும். வகுப்பே சேர்ந்து நாலு நாள் கத்திப் படித்த பாடம் காதில் பதிந்திருக்கும். விரல் ஒரு வரியில் இருக்க, வாய் அடுத்த வரியைச் சொல்லும். கடைசி வாக்கியத்திலிருந்து படிக்கச் சொன்னால் குட்டு வெளிப்படும். சோதிக்க நீங்களே ஐந்து வரி எழுதிக்கொள்வது மேல். மூன்று எழுத்துச் சொற்களில் தொடங்கி, மூன்றாவது வரியில் 'கொக்கு', 'தேன்' போன்றவற்றைக் கொண்டுவந்து, கடைசி வரியில் ஐந்தாறு சொல் உள்ள வாக்கியம் ஒன்று. படம் வேண்டாம். சாப்பாடு முடிந்து மணி அடிப்பதற்குள் ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகள், தனித்தனியாக, மற்றவர்கள் காதில் விழாமல். 35 பேர் வகுப்பு 12 வேலை நாளில் முடிந்துவிடும். எழுத்து, சொல், வாக்கியம் மூன்றில் எதுவரை வந்தது என்று தேதியோடு குறியுங்கள், மதிப்பெண் போடாதீர்கள். ஆறு வாரம் கழித்து வேறு ஐந்து வரியில் திரும்பப் பாருங்கள். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் பிரிவுகள் இதற்குத் தோதானவை. ஆனால் ஜூனில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை மார்ச்சிலும் அங்கேயே உட்கார்ந்திருந்தால் அது பிரிவு அல்ல, முத்திரை. மலர் என்றால் என்ன, அரும்பு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

எங்கே முட்டும் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததுதான். முதல் முட்டு கொம்பில். 'கெ' என்பதில் குறி முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் குழம்ப, 'தென்'னும் 'தேன்'னும் ஒன்றாகிவிடும். 'கொ' வந்தால் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு நின்றுவிடும். குறியை மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. செடி - சேடி, கொடு - கோடு என்று இணைகளாக அட்டையில் எழுதி, நீட்டுவதையும் குறுக்குவதையும் கைதட்டிச் சொல்லவையுங்கள்.

இரண்டாவது முட்டு உகரம். துணைக்காலைப்போல எல்லா எழுத்துக்கும் ஒரே அடையாளம் கிடையாது. க, ங, ச என்று வரிசையாக நடத்தினால் ஒவ்வொன்றும் புது உருவமாகி மலைக்க வைக்கும். எழுத்துகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். து, நு, லு, று, னு ஒரு வீடு. சு, பு, யு, வு அடுத்த வீடு. கு, டு, மு, ரு, ழு, ளு மூன்றாவது வீடு. வாரத்துக்கு ஒரு வீடு போதும். 'பௌர்ணமி'யைப் 'பெளர்ணமி' என்று படித்தால் அடிக்காதீர்கள். அச்சில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது, பிள்ளைமேல் தப்பில்லை. வீட்டில் பாட்டி சொல்லிக்கொடுக்கும் பிள்ளை 'லை'யை யானைத் தும்பிக்கையோடு எழுதி வந்தாலும் அப்படித்தான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு படித்த பாட்டி அது. பழைய எழுத்து என்று சொல்லி, புதியதைப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் முடிந்தது.

இனி பேச்சு. இங்கே பலருக்கும் சொல்லவேண்டியிருப்பது இதுதான். 'கீது' என்று பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு 'இருக்கிறது' என்பது புதுச் சொல். 'வந்துகினு' பேசும் பிள்ளைக்கு 'வந்துகொண்டு' கிட்டத்தட்ட வேறு மொழி. எழுத்து எல்லாம் தெரிந்தும் வாக்கியத்தில் தடுக்கி விழுவதற்குப் பாதிக் காரணம் இது. பலகையில் இரண்டையும் எதிரெதிரே எழுதுங்கள்: வீட்டில் 'கீது', புத்தகத்தில் 'இருக்கிறது'. எது தப்பு என்ற பேச்சே எடுக்காதீர்கள். வகுப்புக்கு முன்னால் ஒருமுறை சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வாயை மூடிய பிள்ளை சந்தேகமும் கேட்காது. ழகரத்துக்கு நாக்கை மேலே மடிக்கவேண்டும், ஆனால் அண்ணத்தைத் தொடக்கூடாது, தொட்டால் ளகரம். காசிமேட்டுப் பிள்ளைக்கு வாழையும் வாளை மீனும் வைத்துச் சொல்லிக்கொடுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்ளும். 'வாயப்பயம்' ஒரு வாரத்தில் மாறாது. மாறாவிட்டாலும் படிப்பு நிற்காது.

கணக்கிலும் இதே சங்கதி ஒன்று உண்டு. நூற்று ஏழை 1007 என்று எழுதுவது காதில் விழுந்ததை அப்படியே எழுதுவதால். தொண்ணூறுக்குள் நூறும், தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் ஒலிப்பது நம் மொழி வைத்த பொறி. பத்து ரூபாய், ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கித்தான் வெளியே கொண்டுவர முடியும்.

நோட்டுத் திருத்தும்போது ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் தொடுங்கள். எல்லாவற்றையும் சிவப்பில் சுழித்தால் அடுத்த நாளிலிருந்து பிள்ளை தனக்குத் தெரிந்த மூன்று சொல்லில் வாக்கியத்தை முடித்துக்கொள்ளும். பிழை குறையும், எழுத்தும் குறையும். பத்து முறை இம்போசிஷன் வேண்டாம். நாலாவது முறைக்குள் அதுவும் வரைகிற வேலையாகிவிடும். சொல்லைப் பார்த்து, மூடி, நினைவிலிருந்து ஒருமுறை எழுதினால் போதும். பலகையை விட்டுப் பக்கத்து நோட்டையே பார்த்து எழுதும் பிள்ளையை முன்பெஞ்சுக்கு மாற்றி இரண்டு நாள் பாருங்கள். சரியாகிவிட்டால் அது படிப்புப் பிரச்சினை அல்ல, கண். அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

பசிக்கும் பாடத்துக்கும் உள்ள தொடர்பை இந்த மாநகராட்சி முன்பே புரிந்துகொண்டது. தியாகராய செட்டியார் தலைவராய் இருந்தபோது, 1920-ல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. காலை உணவு 2022-ல் வந்தது. விடியுமுன்பே மீன் ஏலத்துக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகளுக்கு முதல் பாடவேளை இப்போதுதான் உண்மையிலேயே கிடைத்திருக்கிறது. அதை வாசிப்புக்கு வையுங்கள். (அதிகாரிகள் இதைப் படித்தால்: அந்த நேரத்தில் செயலியில் விவரம் ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். மதியத்துக்குமேல் கேளுங்கள், தருவார்கள்.)

வராத பிள்ளையை முதல் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் விசாரியுங்கள், இரண்டாம் நாள் போன், மூன்றாம் நாள் நேரில். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியதால் தாமதமா, தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காவை நிறுத்திவிட்டார்களா என்பது வாசலில் போய் நின்றால்தான் தெரியும். குடியிருப்பைக் காலிசெய்து, நகரின் தெற்கே மறுகுடியமர்வு வீடுகள் உள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்படும் குடும்பமாக இருந்தால், மாற்றுச் சான்றிதழோடு பிள்ளையின் எமிஸ் எண்ணையும் (கல்வித்துறைக் கணினிப் பதிவில் உள்ள அடையாள எண்) ஒரு தாளில் பெரிதாக எழுதி அம்மா கையில் கொடுங்கள். அந்த எண் தெரியாமல் புதுப் பள்ளியில் சேர்க்கை இழுத்தடித்தால், அந்த இடைவெளியில் நழுவுகிற பிள்ளைகள் உண்டு.

ஏப்ரலில் வகுப்பை ஒப்படைக்கும்போது தேர்ச்சிப் பட்டியல் மட்டும் போதாது. பிள்ளைக்கு ஒரு வரி வீதம் எழுதி, வகுப்பு பீரோவில், மழைத்தண்ணீர் எட்டாத மேல்தட்டில் வையுங்கள். இந்த மாதிரி இருந்தால் போதும்: "மூன்று எழுத்துச் சொல் சரளம். கொம்பு குழம்பும். 'து' வீடு முடிந்தது, 'கு' வீடு பாக்கி. பேசவிட்டால் படிப்பாள்."

இப்படிக்கு,
வடசென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர்