சிறுநீரின் ஒளிர்வு: கருவிக்கு முன்பே நேரும் பிழைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீரில் ஒளியைப் பாய்ச்சிப் புற்றுநோயைக் கண்டறியலாம் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. அடிப்படை உள்ள செய்திதான். சென்னை அண்ணா பல்கலைக்கழக மருத்துவ இயற்பியல் துறைப் பேராசிரியர் கணேசன் குழுவினர் 2013இல் இது குறித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். சாயம் எதுவும் சேர்ப்பதில்லை. உடல் கழிக்கும் பொருள்களே ஒளிர்கின்றன. 400 நானோமீட்டர் அலைநீள ஒளி பட்டால் காப்ரோபோர்ஃபிரின் (ரத்த நிறமி உருவாகும்போது உண்டாகும் துணைப்பொருள்) 620 வாக்கில் சிவப்பாகவும், 450 பட்டால் ரிபோஃபிளேவின் (வைட்டமின் பி2) 525 வாக்கில் பச்சையாகவும் ஒளிரும். நோயில் இவற்றின் விகிதம் மாறலாம்.

ஆனால் செய்திகள் கருவியை மட்டுமே பேசுகின்றன. முடிவைக் கெடுப்பவை பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டவரின் சிறுநீரில் பச்சை ஒளிர்வு மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு மாதிரி எடுக்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவரின் ஆரஞ்சு நிறச் சிறுநீர், பாய்ச்சும் நீல ஒளியையே விழுங்கிவிடும். மாதிரியை வெளிச்சத்தில் வைத்தால் ரிபோஃபிளேவின் சிதையும். ஒளிராத போர்ஃபிரினோஜன் (போர்ஃபிரினின் முன்வடிவம்) ஒளிரும் போர்ஃபிரினாக மாறிச் சிவப்பு கூடிவிடும். ஆகவே இருண்ட பாட்டில், பனிக்கட்டி, அன்றே அளவீடு. சுழற்சிக் கருவியில் (சென்ட்ரிஃபியூஜ்) தெளிய வைத்தபின் அடியில் தங்கும் வண்டலை வீசிவிடக் கூடாது. உயிரணுப் பரிசோதனைக்கு அதுதான் வேண்டும்.

மாதிரியின் செறிவைக் குறைக்காமல் (நீர்க்காமல்) அளப்பது இன்னொரு பெரிய பிழை. 1 செ.மீ. குவெட்டில் (மாதிரியை ஊற்றி அளக்கும் சிறு கண்ணாடிக் குப்பி) ஒளி உறிஞ்சல் அளவு 0.1ஐத் தாண்டாதபடி நீர்க்க வேண்டும். அந்த அளவிலேயே குவெட்டின் நடுப்பகுதிக்குப் போவதற்குள் பத்தில் ஒரு பங்கு ஒளி குறைந்துவிடுகிறது. நிறையத் தண்ணீர் குடித்தவரையும் குடிக்காதவரையும் ஒப்பிட அதே மாதிரியின் கிரியேட்டினின் (தசையிலிருந்து ஓரளவு சீராக வெளியேறும் கழிவு) அளவு தேவை. பி.எச். (அமில-கார அளவு) குறிப்பதும் அவசியம்: அமிலத்தில் காப்ரோபோர்ஃபிரினின் ஒளிர்வு முகடு (உச்சம்) 595 வாக்கில் நகர்ந்துவிடும். 405இல் தூண்டும்போது 470 அருகே தெரியும் சிறு முகடு தண்ணீரின் ராமன் சிதறலாக (தண்ணீர் மூலக்கூறுகளில் பட்டு அலைநீளம் மாறிச் சிதறும் ஒளி) இருக்கலாம். 415க்கு மாற்றிப் பாருங்கள். அது 483க்கு நகர்ந்தால் ராமன், அசையாமல் நின்றால் ஒளிர்வு.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும், நோயாளிகளை நலமானவர்களோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. ஈய நச்சிலும் கல்லீரல் நோயிலும் காப்ரோபோர்ஃபிரின் உயரும். சிறுநீர்த் தொற்று, கல், நீரிழிவு உள்ளவர்களையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். ஒரு கணக்கு: 1000 பேரில் 5 பேருக்கு நோய் இருந்து, நோயுள்ளவர், இல்லாதவர் இரு பக்கமும் 90 சதவீதம் சரியாகச் சொல்லும் சோதனை செய்தால், நோயில்லாத சுமார் 100 பேருக்கும் 'இருக்கலாம்' என்றே முடிவு வரும். ஊர்முகாமில் அந்த நூறு பேரை எங்கே அனுப்புவது என்று முதலிலேயே ஏற்பாடு செய்ய வேண்டாமா?

அதுவரை, சிறுநீரில் ரத்தம் போகிறவர்களும், மூன்று வாரமாகியும் வாய்ப்புண் ஆறாதவர்களும் இந்தச் சோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது; இவை புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். சிஸ்டோஸ்கோப்பியும் (சிறுநீர்ப்பையைக் குழாய்க் கருவியால் உள்ளே பார்ப்பது) திசுப் பரிசோதனையும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே செய்கிறார்கள்.

இப்படிக்கு,
மருத்துவ ஒளியியல் ஆய்வாளர்கள்,
சென்னை