‘அனிமல்ஸ்’ ஏழாம் இடமா? இசைக் கூட்டக்காரருக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தையில் மாதாமாதம் இசைக் கூட்டம் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு நீங்கள் தந்த ரோல்ஸும் பிளேன்டீயும் நன்றாகத்தான் இருந்தன. பிங்க் ஃப்ளொய்ட் என்ற ஆங்கில ரொக் குழுவின் அல்பங்களுக்கு நீங்கள் போட்ட தரவரிசைதான் எனக்கு இன்னும் செமிக்கவில்லை. ‘த வோல்’ முதலிடம், ‘அனிமல்ஸ்’ ஏழாம் இடம். ‘த டிவிஷன் பெல்’லுக்கும் கீழே!

அல்பத்துக்கு ஒரு பாட்டு, பாட்டுக்கு அரை நிமிடம் என்று ஃபோனில் தட்டித் தட்டிப் போட்டுக் கை உயர்த்தச் சொன்னீர்கள். அப்படி வைத்தால் ‘த வோல்’தான் வெல்லும். அதில் லண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து பாடிய அந்தப் பாட்டை, பம்பலப்பிட்டியில் டியூஷன் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளையும் முணுமுணுக்கும். ‘அனிமல்ஸ்’இல் 17 நிமிடம் ஓடுகிற ‘டோக்ஸ்’ பாட்டு அரை நிமிடத்தில் என்ன செய்யும், பாவம்?

நான் இந்த அல்பங்களைக் கேட்டது ரெக்கோடிங் பாரில், அதாவது பாட்டுப் பதிந்து தரும் கடையில், அடித்த கசெற்றில். 90 நிமிடக் கசெற் ஒன்று. ஒரு பக்கத்தில் ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’, மறுபக்கத்தில் ‘அனிமல்ஸ்’. ‘அனிமல்ஸ்’ 42 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மிச்ச நாடாவை வீணாக்கக்கூடாது என்று கடைக்காரர் பொனி எம் என்ற டிஸ்கோ குழுவின் பாட்டு ஒன்றை ஒட்டிவிட்டிருந்தார். இன்றைக்கும் அந்த அல்பம் முடிந்தால் என் காது பொனி எம்முக்குக் காத்திருக்கும். பாட்டைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் நாடாவை ஓட்ட வேண்டும், ஓட்டினால் சிக்கும், சிக்கினால் பேனையை விட்டுச் சுற்ற வேண்டும். அதனால் முதலில் இருந்து கடைசி வரை கேட்டோம்.

அப்படிக் கேட்டவனுக்கு ‘அனிமல்ஸ்’ தான் முதலிடம். 1977இல் வந்தது. மொத்தம் ஐந்தே பாட்டு. அதிலும் முதலும் கடைசியும் ஒன்றரை நிமிடத் துண்டுகள், வெறும் கிற்றாரும் குழுவின் பாடகர் றோஜர் வோட்டர்ஸின் குரலும். நடுவில் நாய், பன்றி, செம்மறி என்று மூன்று பெரிய பாட்டுகள். ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ நாவலை எடுத்துக்கொண்டு, அங்கே பொதுவுடைமை ஆட்சிக்கு விழுந்த அடியை இங்கே முதலாளித்துவத்துக்குத் திருப்பியிருக்கிறார் வோட்டர்ஸ். ‘டோக்ஸ்’ பாட்டின் முன்பாதியைக் கிற்றார்காரர் டேவிட் கில்மோர் பாடுவார், முடிவை வோட்டர்ஸ். இடையில் ‘ஸ்டோன்’ என்ற ஒரு சொல் எதிரொலித்து எதிரொலித்துத் தேயும். கடைசியில் அது சொல்லாகவே இராது. அதற்குள் இருந்து நாய்கள் குரைக்கும், இயந்திரத்தின் தொண்டையால் குரைப்பது மாதிரி. கொழும்புக் கோட்டையில் ஏதாவது கம்பனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தவருக்கு அந்த நாய்கள் யார் என்று விளக்க வேண்டியதில்லை.

‘ஷீப்’ தொடங்கும்போது செம்மறிகள் கத்தும். முதல் தடவை சத்தமாகப் போட்ட அன்று அம்மா குசினிக்குள் இருந்து, “ஆரடா ஆட்டை உள்ளுக்கு விட்டது?” என்று அகப்பையோடு வந்து கேற்றைப் பார்த்தார். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் றிச்சர்ட் ரைட்டின் மின் பியானோ மெல்ல நுழையும். இவ்வளவு அழகாக வாசித்த மனிதருக்கு அந்த அல்பத்தில் ஒரு பாட்டுக்குக்கூட ஆக்கியோர் வரிசையில் இடமில்லை. ‘த வோல்’ பதிவு நடந்தபோது அவரை வெளியேற்றியே விட்டார்கள். அது 81 நிமிடம், முழுக் கசெற்றையும் விழுங்கும். கில்மோரின் கிற்றார் வந்து தூக்கிவிடும் இடங்களைத் தவிர்த்தால், இரண்டாம் தட்டு ஒரு மனிதர் தன்னோடு தானே கதைத்துக்கொண்டு இருப்பதுதான். என் பட்டியலில் ஐந்தாம் இடம், அதுவும் பழைய பாசத்துக்காக.

இரண்டாம் இடம் ‘விஷ் யூ வேர் ஹியர்’, 1975. சில இரவுகளில் அதுதான் முதலிடம் என்றும் ஒத்துக்கொள்வேன். குழுவைத் தொடங்கிப் பிறகு விலகிப்போன சிட் பாரெட்டை நினைத்து எழுதிய பாட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஸ்டூடியோவுக்குள்ளேயே பாரெட் வந்து நின்றாராம். உடம்பு பெருத்து, புருவம் மழித்து. கூடப் பாடியவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்கு ஒருவர் கனடா ஸ்காபரோவில் இருக்கிற எங்களுக்கு அந்தத் தலைப்பை மொழிபெயர்க்கவும் தேவையில்லை.

மூன்றாவது ‘டார்க் சைட்’. அமெரிக்க அல்பத் தரவரிசைப் பட்டியலில் 700 வாரத்துக்கு மேல் இருந்த அல்பத்துக்கு என் சிபாரிசு எதற்கு? அதில் கிளேர் டொரி என்ற பாடகியின் சொல்லில்லாத குரலுக்காக மட்டும் இன்னொரு தடவை கேளுங்கள். அன்று அவருக்குக் கொடுத்தது 30 பிரித்தானியப் பவுண்ஸ் காசுதான். நான்காவது ‘மெடல்’, இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கத்தையும் பிடிக்கிற ‘எக்கோஸ்’ பாட்டுக்காக. மிச்சத்தை நீங்களே எப்படியாவது அடுக்கிக்கொள்ளுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன். ‘உம்மகும்மா’வைக் கடைசியில் போட்டதற்கு நன்றி.

அடுத்த கூட்டத்தில் ஒன்று செய்யுங்கள். ஃபோன்களை வாசலில் வாங்கி வையுங்கள். ‘அனிமல்ஸ்’ இசைத்தட்டின் முதல் பக்கத்தை, 18 நிமிடம் சொச்சம், நிறுத்தாமல் போடுங்கள். ரோல்ஸைப் பிறகு கொடுங்கள், கடதாசி சரசரக்கும். அதற்குப் பிறகும் ஏழாம் இடம்தான் என்றால் சரி, அடுத்த மாத ரோல்ஸ் என் செலவு.

இப்படிக்கு,
பின்வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இருந்தவன்