பகல் இரண்டு மணிக்குப் பிள்ளை எங்கே? விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இரண்டாம் தவணை வெள்ளிக்கிழமையுடன் முடிகிறது. தேர்ச்சி அறிக்கையைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பாமல் உங்களையே வந்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். புள்ளிகளைப் பற்றிக் கதைக்க அல்ல, விடுமுறையில் பிள்ளைகள் எங்கே நிற்கப் போகிறார்கள் என்று கதைக்கத்தான். வர முடியாதவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான நம் படுவான்கரையின் ஓகஸ்ட் மாதம் உங்களுக்குத் தெரியாததல்ல. கச்சான் காற்று அடிக்கிறது. சிறுபோக வெட்டு நடக்கிறது. விடிய முன்னரே வயலுக்கும் கூலி வேலைக்கும் போய்விடுகிறீர்கள். வீட்டில் நிற்பவர்களும் பகல் சாப்பாடு முடிய வெக்கை தாங்காமல் சற்றுக் கண்ணயர்வார்கள். அந்த இரண்டு மணி முதல் நாலு மணி வரைதான் எனக்குப் பயம். பிள்ளைகள் தண்ணீருக்கு இறங்குவது அப்போதுதான்.

மாரியில் வாவியைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறோம். கோடையில் முழங்காலளவு தண்ணீரைக் கண்டதும் அந்தப் பயம் விட்டுப்போகிறது. ஆனால் மண் அள்ளிய குழிகள் வற்றுவதில்லை. கரையில் நின்று பார்த்தால் குழி எது, தரை எது என்று தெரியாது.

எனக்கு அப்போது பதினொரு வயது. வாவியில் முதல் நாள் நடந்த அதே இடத்தில்தான் அடுத்த நாளும் நடந்தேன். நாலாவது அடியில் கால் வைக்க நிலம் இல்லை. இரவோடிரவாக யாரோ அங்கே மண் அள்ளியிருக்கிறார்கள். கத்த வேண்டும் என்று தெரிந்தது, வாய் திறந்தால் தண்ணீர்தான் வந்தது. இரண்டு ஆள் நீளம் தள்ளி மாமா வலையில் பாசி எடுத்துக்கொண்டு நின்றார். நான் முங்கி விளையாடுகிறேன் என்றுதான் நினைத்தாராம். நீர்க்குமிழியைக் கண்டு சந்தேகப்பட்டு மயிரைப் பிடித்து இழுத்தார். தாழ்கிற பிள்ளை சத்தம் போடாது என்பதை நான் அன்றே படித்துவிட்டேன். "சத்தம் கேட்டால் ஓடிப் போவேன்தானே" என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள்.

யாராவது தாழ்ந்தால், நீந்தத் தெரியாதவர் பின்னால் குதிக்கவே கூடாது. சாரன், கயிறு, தடி, மூடி இறுக்கிய வெறும் கலன், எது கைக்கு அகப்பட்டாலும் அதை எறியுங்கள். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் நடக்கிறது. அதனால் உயிரைக் காக்கும் நிமிடங்கள்தான் போகின்றன. மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சின் நடுவை அழுத்தத் தொடங்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் 1990 இலக்கத்துக்கு எடுக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அந்த முதலுதவியை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் செய்து காட்டுவோம். அம்மம்மாமாரையும் கூட்டி வாருங்கள்.

குளத்தில் தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் பக்கம் குளிக்க விடாதீர்கள், தண்ணீர் உள்ளே இழுக்கும். தாமரைக்காய் பறிக்கப் போகிற பிள்ளையின் காலைக் கொடி சுற்றும். முதலை உள்ள இடங்களை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். வளவில் கட்டில்லாத கிணறோ, தண்ணீருக்குத் தோண்டிய பூவலோ இருந்தால் இந்தக் கிழமையே பலகையோ தகரமோ போட்டு மூடிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் வாவியை விடக் கிட்டவுள்ள ஆபத்து. உழவு இயந்திரத்தின் மட்காட்டில் பிள்ளையை ஏற்றாதீர்கள். பொழுது சாய்ந்தபின் யானை வரும் வயல்வழியில் தனியே அனுப்பாதீர்கள்.

இன்னுமொன்று. தாய் வெளிநாட்டில் இருக்க, பெத்தாவுடனோ (பாட்டியுடனோ) சித்தியுடனோ நிற்கும் பிள்ளைகள் நம் பாடசாலையில் பலர். வகுப்பாசிரியர்கள் கிழமைக்கொரு தரம் அந்த வீடுகளுக்கு வந்து போவார்கள். குறை பிடிக்க வருகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எந்த வீடாக இருந்தாலும், "அவர் வீட்டுக்குப் போக மாட்டேன்" என்று பிள்ளை அழுதால் அடித்து அனுப்பாதீர்கள். மெல்ல விசாரித்து, சொல்வதை நம்புங்கள். சிறுவர்களுக்கான 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். எனக்கும் எடுக்கலாம்.

"போகாதே, போகாதே" என்று மட்டும் சொல்லிப் பிள்ளையைக் கட்டிவைக்க முடியாது. 56 கிலோமீற்றர் நீள வாவிக்கு வேலி போடவும் முடியாது. போக வேறோர் இடம் வேண்டும். அதனால் இந்த விடுமுறையில் திங்கள் முதல் வெள்ளி வரை, சரியாக அந்த இரண்டு மணி முதல் நாலு மணி வரை, பாடசாலையைத் திறக்கிறோம். பாடம் இல்லை. ரியூசனுக்குக் குறைவில்லாத ஊர் இது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் தரம் 5 பிள்ளைகளுக்கும் ஓர் ஓய்வு வேண்டும்.

கூத்துப் பழக்கும் நம் ஊர் அண்ணாவியார், கோலடித்து ஆடும் வசந்தன் கூத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்கச் சம்மதித்திருக்கிறார். கோலை எப்படிப் பிடிப்பது என்று போன கிழமை நாலைந்து பொடியன்களுக்குக் காட்டினார். கணக்குப் பாடத்தில் பத்து நிமிடம் இருக்க முடியாத ஒரு பிள்ளை, தாளம் பிசகாமல் முக்கால் மணித்தியாலம் சுற்றிச் சுற்றி ஆடியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆட விருப்பமில்லாதவர்களுக்கு நூலகம் திறந்திருக்கும். இன்னொரு வேலையும் உண்டு: ஆளுக்கொரு கொப்பியில் மணலை, ஓரா, திரளி என்று வாவி மீன்களின் பெயரையும், எந்த மாதம் எது படும் என்பதையும் அப்பாவிடமோ மூத்தப்பாவிடமோ கேட்டு எழுத வேண்டும். உங்களிடம் கேட்டு வந்தால் கலைத்துவிடாமல் சொல்லிக் கொடுங்கள்.

ஒவ்வொரு நாளும் ஆசிரியர் ஒருவர் நிற்பார். கூடவே பெற்றோர் இருவர் வேண்டும். எந்த நாள் வர முடியும் என்று வெள்ளிக்கிழமை சொல்லுங்கள். பிள்ளைக்குத் தண்ணீர்ப் போத்தலும், ஒரு முழ நீளத்தில் செதுக்கிய கோல் இரண்டும் கொடுத்தனுப்புங்கள். வந்த பிள்ளையை நாலு மணிக்கு யார் கூட்டிப் போவார் என்று எழுதித் தாருங்கள்.

அன்புடன்,
அதிபர்