கேபிள் கரையேறிய ஊரிலிருந்து

அன்புள்ள மச்சான்,

பயணம் எப்படி இருந்தது என்று கேட்ட உன் வாட்ஸ்அப் செய்திக்கு மூன்று நாளாகப் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். உட்கார்ந்து நிதானமாக, நாம் திருச்சி தந்தி ஆபீஸில் இருந்த காலத்தில் லீவில் ஊருக்குப் போனால் எழுதிக்கொள்வோமே, அதுபோல எழுத வேண்டும் என்று தோன்றியது. பிரிஸ்டலில் மகள் வீட்டில் இப்போது மழை பெய்துகொண்டிருக்கிறது, பேரன் பள்ளிக்கூடம் போய்விட்டான், உன் தங்கச்சி தூங்குகிறாள். எழுத நல்ல நேரம்.

போன வாரம் நானும் அவளும் கார்ன்வாலுக்குப் போய் வந்தோம். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை, வரைபடத்தில் கடலுக்குள் கால் நீட்டிக்கொண்டிருக்குமே அந்த இடம். பிரிஸ்டலிலிருந்து பென்சான்ஸ் வரை ரயிலில் நான்கு மணி நேரம். மருமகன் காரில் கூட்டிப்போகிறேன் என்றுதான் சொன்னார். அந்தக் கிராமத்துப் பாதைகளில் எதிரே ஒரு வண்டி வந்தால் ஒருவர் பின்னால் போய்த்தான் வழிவிட வேண்டும், பேசாமல் பேருந்தில் போங்கள் என்று மகள் சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டது நல்லதாய்ப் போயிற்று.

அங்கே லேண்ட்ஸ் எண்ட் கோஸ்டர் என்று ஒரு மாடிப் பேருந்து, மேல் தளத்துக்குக் கூரை இல்லாதது. பென்சான்ஸில் கிளம்பி, கரையோரமாக நியூலின், போர்த்கர்னோ, லேண்ட்ஸ் எண்ட், செயின்ட் ஜஸ்ட், பெண்டீன், ஸெனர், செயின்ட் ஐவ்ஸ் என்று ஒரு வட்டம் போட்டு மறுபடி பென்சான்ஸுக்கே வந்துவிடும். ஒரு நாள் டிக்கெட் வாங்கிக்கொண்டால் எந்த ஊரில் வேண்டுமானாலும் இறங்கலாம், பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். மேல் தளத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கல்வேலி போட்ட சின்னச் சின்ன வயல்கள். மரக்கிளைகள் வந்து தலைக்கு மேலே உரசும். வெயில் அடித்தாலும் காற்று குளிராகத்தான் இருக்கிறது, உன் தங்கச்சி ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு கோயில் தேரில் உட்கார்ந்த மாதிரி வந்தாள். மூட்டு வலிக்காரி, மாடிப்படி ஏறியதே பெரிய விஷயம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் இறங்காமலே முழு வட்டமும் சுற்றி வருகிறவர்கள் நிறைய. அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இறங்கினால்தான் அந்த ஊர்கள் பேச ஆரம்பிக்கின்றன. நாங்கள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஊருக்கு மேல் இறங்குவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

முதலில் நியூலின். மீன்பிடித் துறைமுகம், ஐஸ் பெட்டிகளும் வலைகளும் வாடையுமாக நம் நாகப்பட்டினம் மாதிரியே இருந்தது. துறைமுகத்தின் கல்பாலம் முடிகிற இடத்தில் கலங்கரை விளக்கம், அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டடம். 1915 முதல் 1921 வரை அங்கே கடல் மட்டத்தை அளந்து, அந்தச் சராசரியை வைத்துத்தான் பிரிட்டனின் மலைகளுக்கெல்லாம் உயரம் சொல்கிறார்களாம். நம் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று போட்டிருப்பார்களே, அதுபோல இந்த நாட்டு உயரத்துக்கெல்லாம் பூஜ்யம் இந்த மீன் துறைமுகம்தான்.

அங்கிருந்து மௌஸல். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் மௌஸ்ஹோல், அதாவது எலிப்பொந்து, ஊர்க்காரர்கள் சொல்வது மௌஸல். தெருக்கள் அவ்வளவு குறுகல், நம் மாடி வண்டி அங்கே போகாது. உன் தங்கச்சியைச் சின்னப் பேருந்தில் அனுப்பிவிட்டு நான் கரையோரமாக மூன்று கிலோமீட்டர் நடந்தேன். பாதி வழியில் பழைய உயிர்காக்கும் படகு நிலையம், பக்கத்தில் நினைவுத் தோட்டம். 1981 டிசம்பர் 19 ராத்திரி, இன்ஜின் நின்றுபோன ஒரு சரக்குக் கப்பலில் எட்டுப் பேர், அதில் கேப்டனின் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களை மீட்க மௌஸல்காரர்கள் எட்டுப் பேர் சாலமன் பிரவுன் என்ற படகை எடுத்துக்கொண்டு புயலுக்குள் போனார்கள். சம்பளத்துக்கு வந்தவர்கள் யாரும் இல்லை, எல்லாரும் தாங்களாக வந்த ஊர்க்காரர்கள். பதினாறு பேரும் திரும்பவில்லை. கிளம்பும்போது அப்பாவும் மகனும் வந்து நின்றிருக்கிறார்கள், இந்த மாதிரி ராத்திரியில் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் போதும் என்று படகுத் தலைவர் மகனை ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டார். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன், மச்சான். இன்றைக்கும் டிசம்பர் 19 அன்று, கிறிஸ்துமஸுக்காக ஊர் முழுக்கப் போட்டிருக்கும் விளக்குகளை இரவு எட்டு மணியிலிருந்து ஒன்பது வரை அணைத்து வைக்கிறார்களாம்.

மௌஸலுக்கு மேலே மேட்டில் பால் என்று ஒரு சிற்றூர். அங்கே தேவாலயச் சுவரில் டாலி பென்ட்ரீத் என்ற மீன்காரப் பெண்மணிக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. கார்ன்வாலின் பழைய மொழியான கார்னிஷைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் என்று சொல்லப்படுபவர், 1777இல் இறந்தார். ஆங்கிலத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும் ஆங்கிலத்தோடு ஒட்டாத தனி மொழி, வேல்ஸ் மொழிக்கு உறவுக்காரி. இப்போது ஆர்வமுள்ளவர்கள் மறுபடி கற்றுப் பேசுகிறார்கள், ஊர்ப் பலகைகளில் எழுதி வைக்கிறார்கள், 2002இல் அரசாங்கமும் அங்கீகரித்தது. இருந்தாலும் கூடையைச் சுமந்துகொண்டு தெருவில் நின்று அந்த மொழியில் விலை சொன்ன ஒரு கிழவியோடு போனது போனதுதான். ஊரில் மீன்காரம்மா கூவும் குரல் அன்று முழுக்க என் காதில் இருந்தது.

சரி, இப்போது உனக்காகவே எழுதுகிற பகுதிக்கு வருகிறேன்.

போர்த்கர்னோவில் இறங்கினோம். வெள்ளை மணல், நடுவே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், இரண்டு பக்கமும் கருங்கல் பாறை. மணலுக்குப் பின்னால், கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடக்கூடிய ஒரு சின்னக் குடில். கடலுக்கடியில் வந்த தந்திக் கேபிள்கள் எல்லாம் கரையேறி முடிகிற இடம் அதுதான், மச்சான். 1870இல் இந்த மணலில்தான் பம்பாய்க்குப் போகும் வரிசையின் முதல் கேபிளைக் கரையேற்றினார்கள். ஜிப்ரால்டர், மால்டா, அலெக்சாண்டிரியா, பிறகு எகிப்தைத் தாண்டி சூயஸ், ஏடன், பம்பாய். முதலில் ஃபால்மத் என்ற பெரிய துறைமுகத்தில்தான் இறக்குவதாக இருந்ததாம். அங்கே கப்பல்கள் நங்கூரம் போட்டுப் போட்டுக் கேபிளை அறுத்துவிடும் என்று, கப்பலே வராத இந்த மூலையைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு பதினான்கு கேபிள்கள் வந்து சேர்ந்து, உலகத்திலேயே பெரிய கடலடித் தந்தி நிலையமாகிவிட்டது.

பழைய நிலையம் இப்போது அருங்காட்சியகம். இரண்டாம் உலகப்போரின்போது குண்டுக்குத் தப்பிக்கப் பாறைக்குள் சுரங்கம் குடைந்திருக்கிறார்கள், குடைந்தவர்கள் பக்கத்து ஊர்த் தகரச் சுரங்கக்காரர்கள். கருவிகள் அதற்குள்ளும் இருக்கின்றன. உள்ளே போனதும் எண்ணெயும் பித்தளையும் கலந்த அந்த வாசனை! நம் இன்ஸ்ட்ருமெண்ட் ரூமில் நைட் டியூட்டிக்கு உள்ளே நுழையும்போது வருமே, அதே வாசனை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் தங்கச்சி ஒன்றும் கேட்கவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

ஒரு விஷயம் நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்காதது. கடலுக்கடியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும்போது சிக்னல் இழுபட்டு, ஒன்றோடு ஒன்று கலந்துவிடுமாம். நாம் மோர்ஸில் அடித்த மாதிரி குட்டைப் புள்ளி, நெட்டைக் கோடு என்று அனுப்பினால் அந்தப் பக்கம் ஒன்றும் புரியாது. அதனால் இரண்டையும் ஒரே நீளத்தில் வைத்துக்கொண்டு, புள்ளிக்கு மின்சாரம் ஒரு திசையில், கோட்டுக்கு எதிர்த்திசையில் அனுப்பினார்கள். அந்தப் பக்கம் கெல்வின் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த சைஃபன் ரெக்கார்டர், கண்ணாடிக் குழாயில் மை வழிந்து, நாடாவில் மேலும் கீழுமாக அலை மாதிரி ஒரு கோடு போடும். மேலே போனால் புள்ளி, கீழே இறங்கினால் கோடு. அந்த நாடாவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். காதால் படித்த நமக்குக் கண்ணால் படிப்பது முதலில் பிடிபடவில்லை, இரண்டு நிமிடத்தில் எழுத்து எழுத்தாக வந்துவிட்டது. நாற்பது வருடமானாலும் போகவில்லையே!

யோசித்துப் பார். கடிதம் கப்பலில் வாரக்கணக்கில் போய்க்கொண்டிருந்த காலத்தில், இந்த மணலிலிருந்து பம்பாய்க்கு ஒரு செய்தி நிமிடங்களில் போயிருக்கிறது. கொஞ்ச நாளில் நம் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடலுக்கடியில் கேபிள் போட்டார்கள். நாம் திருச்சியில் வாங்கிக் கொடுத்த வெளிநாட்டுத் தந்திகளுக்கெல்லாம் தாய்வேர் இங்கே இருந்திருக்கிறது. சாவுச் செய்தியைப் பிரிக்கும் முன்பே வீட்டில் அழுகை கேட்குமே, மலேயாவிலிருந்து வந்த பணம் கிடைத்ததா என்று கேட்டு வருமே, எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டேன். இந்த நிலையம் சரியாக நூறு வருடம் ஓடி 1970இல் மூடப்பட்டது. நம் நாட்டுத் தந்திச் சேவை 2013 ஜூலை 14 வரை தாக்குப்பிடித்தது. 1997இல் ஜப்பான் வரை போட்ட கண்ணாடி இழைக் கேபிளும் இதே போர்த்கர்னோவில் கரையேறி, மும்பையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. ஆக அந்த வழி இன்னும் செத்துப்போகவில்லை.

கிளம்பும் முன் அந்தக் குடிலின் கதவில் விரலால் உன் பெயரை மோர்ஸில் தட்டினேன். நீ ராத்திரி இரண்டு மணிக்கு லைன் எடுக்கும்போது எப்படித் தட்டுவாயோ, அந்தக் கைவாகிலேயே.

மேலே பாறையில் மினாக் என்று திறந்தவெளி நாடக அரங்கு. ரோவெனா கேட் என்ற பெண்மணி தன் தோட்டக்காரரோடு சேர்ந்து பாறையைச் செதுக்கிக் கட்டியது, 1932இல் முதல் நாடகம். கீழே கடற்கரையிலிருந்து மணலைத் தூக்கிப்போய், சிமெண்டில் ஸ்க்ரூடிரைவர் முனையால் பூவேலை செய்திருக்கிறார். எண்பது வயதிலும் வேலை செய்தாராம். பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் அரை மணிதான் இருந்தோம், அது தவறு, நீ வரும்போது இரண்டு மணி நேரமாவது ஒதுக்கு. அவசரப்பட்டுக் கீழே வந்தும் பயனில்லை, வந்த வண்டி நிறைந்திருந்தது, இடம் இல்லை என்று கை காட்டிவிட்டுப் போய்விட்டது. அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் ரோட்டோரத்தில் நின்றோம். மூட்டு வலிக்காரியை வைத்துக்கொண்டு நிற்பது கஷ்டமாகத்தான் இருந்தது. பிற்பகலில் கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தியதைப் பிடிக்க வேண்டும்.

மறுநாள் லேண்ட்ஸ் எண்டில் இறங்கி ஏறினோம், அவ்வளவுதான். நாட்டின் கடைசி முனை என்ற பெயருக்குக் கூட்டம், கடை. கன்னியாகுமரியில் நிற்கும்போது வருகிற உணர்வு அங்கே எனக்கு வரவில்லை.

ஆனால் பெண்டீன் பக்கத்தில் கீவர் சுரங்கம் இருக்கிறதே, அங்கே நீ என்னோடு இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. தகரச் சுரங்கம், கடலுக்கடியிலேயே குடைந்துகொண்டு போயிருக்கிறார்கள். 1985இல் தகர விலை சரிந்தது, 1990இல் மூடிவிட்டார்கள். தொழிலாளர் உடை மாற்றும் கூடத்தைக் கடைசி நாளன்று இருந்தபடியே வைத்திருக்கிறார்கள், லாக்கர்கள், சிவப்புக் கறை படிந்த உடுப்புகள், பூட்ஸ். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் நீ வளர்ந்த கதை, உன் அப்பா ஷிஃப்ட் முடித்து வந்தால் முதலில் கேட்பது அவருடைய இருமல்தான் என்று நீ சொன்னது, 2001இல் கோலார் மூடிய அன்று நீ டிரங்க் கால் போட்டுப் பேசாமல் நின்றது, எல்லாம் அந்தக் கூடத்தில் ஞாபகம் வந்தது. பக்கத்திலேயே லெவன்ட் என்ற சுரங்கம், 1919இல் ஆட்களை ஏற்றி இறக்கும் இயந்திரம் உடைந்து முப்பத்தொரு பேர் செத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் ஆழத்தில் பாறை வெடித்து ராக் பர்ஸ்ட் என்றால் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள் என்பாயே, இங்கேயும் அப்படித்தான் ஓடியிருப்பார்கள்.

வழிகாட்டியாக வந்த பெரியவர் அங்கேயே வேலை பார்த்தவர். எந்த ஊர் என்று கேட்டார், தென்னிந்தியா என்றதும் அவராகவே, “கோலார்?” என்றார். இந்த ஊர்களில் வேலை குறைந்தபோது கார்னிஷ் சுரங்கக்காரர்கள் உலகமெல்லாம் போனார்கள், கோலாருக்கும் நிறையப் பேர் போனார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. சொன்னேன். உன் அப்பாவைப் பற்றியும் சொன்னேன். தொப்பியைக் கழற்றிவிட்டார்.

பிறகு ஸெனர், தேவாலயத்தில் ஐந்நூறு வருடப் பழைய மரப்பலகையில் செதுக்கிய கடற்கன்னி. செயின்ட் ஐவ்ஸ் மிக அழகு, ஆனால் மீனவர் வீடுகளை வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கென்று வாங்கிப் போட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்காமல், புது வீடு கட்டினால் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே என்று 2016இல் ஓட்டெடுத்து முடிவு செய்திருக்கிறார்கள். நம் கிழக்குக் கடற்கரைச் சாலைக் குப்பங்களைப் பற்றியும் யாராவது இப்படி ஓட்டெடுத்தால் நல்லது.

அந்தப் பெரியவருக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அப்பா ஹெல்மெட்டும் விளக்குமாக நிற்கும் அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பு, அச்சடித்து அவருக்குத் தபாலில் அனுப்பி வைக்கிறேன். அப்பா எந்த ஷாஃப்ட், கிஃபோர்டா வேறா, எந்த வருடம் சேர்ந்தார், எத்தனை வருடம் இறங்கினார், உனக்கு நினைவு இருக்கிறதையெல்லாம் ஒரு தாளில் எழுது. தெரியாததை அக்காவிடம் கேள், அவருக்கு வயதாகிவிட்டது, இந்த மாதமே கேள்.

உன் பாஸ்போர்ட்டையும் புதுப்பித்து வை.

உன்,
மச்சான்