பரிசலின் விளிம்பைத் தள்ளி அக்கரை போகலாமா?

ஆசிரியருக்கு,

எதையும் பின்னால் உமிழாமலே விண்கலத்தை ஓட்டுவதாகச் சொன்ன 'எம்டிரைவ்' நினைவிருக்கிறதா? பிரிட்டிஷ் பொறியாளர் ரோஜர் ஷாயரின் யோசனை அது. மூடிய செம்புக் கூம்புக்குள் மைக்ரோவேவைச் செலுத்தினால் கூம்பு தானாக நகருமாம். பரிசலுக்குள் உட்கார்ந்து அதன் விளிம்பையே தள்ளி அக்கரை போகிற கதைதான்.

2016-ல் நாசா குழு ஒன்று, கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூட்டன் விசை கிடைத்ததாகக் கட்டுரை வெளியிட்டது. ஐந்தாறு அரிசியின் எடை! அவ்வளவு சின்ன விசையை அளக்கும்போது கம்பி கொஞ்சம் சூடானாலே கருவி ஏமாந்துவிடும்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் டாய்மார் என்ற ஆய்வாளரின் குழு 2018-ல், கூம்புக்குள் போகும் மைக்ரோவேவைக் கிட்டத்தட்ட இல்லாத அளவுக்குக் குறைத்துப் பார்த்தது. அப்போதும் 'விசை' வந்தது! கேபிளில் ஓடிய மின்சாரமும் பூமியின் காந்தப்புலமும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். 2021-ல் இன்னும் கவனமாக அளந்தார்கள், விசையே இல்லை. முன்பு தெரிந்தது பெரும்பாலும் சூட்டில் உலோகம் விரிந்ததன் விளைவாம்.

சரி, தவறுவது இயல்பு. ஆனால் 2016 செய்தியைக் கொண்டாடிய பத்திரிகைகள் 2021 முடிவையும் அதே அளவு எழுத்தில் போட்டிருக்கலாமே?

— ஒரு வாசகர்