மட்டைக்குள் பூட்டிய சர்க்கரை

ஐயா,

வைக்கோலிலுள்ள சர்க்கரையைப் புளிக்கவைத்து எத்தனால் என்ற எரிபொருள் சாராயம் எடுப்பது பற்றிய செய்தி படித்தேன். 2022-இல் பானிபட்டில் தொடங்கிய ஆலைக்கு, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் இலக்கு. சரி, எங்கள் பக்கம் வைக்கோலை மாடு தின்றுவிடும். மிஞ்சுவது தென்னை மட்டைதான், வரப்பிலேயே எரிக்கிறோம்.

மட்டையிலும் சர்க்கரை உண்டு, செல்லுலோஸ் என்ற நாராகப் பின்னிக் கிடக்கிறது. சுற்றிலும் லிக்னின் என்ற கெட்டிப் பொருள் காவல். அமிலமும் நீராவியும் கொடுத்து அதைத் தளர்த்திய பிறகே, செல்லுலோஸை வெட்டிச் சர்க்கரையாக்கும் நொதிகள் உள்ளே நுழையும். அந்த நொதியைச் சுரக்கும் டிரைக்கோடெர்மா பூஞ்சை, இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் ராணுவக் கூடாரத் துணியை அரித்துத்தான் மாட்டிக்கொண்டது!

நொதிச் செலவுதான் உதைக்கிறது என்கிறார்கள். எங்களுக்கு அதற்கு முன்பே ஒரு கேள்வி: மட்டையை ஆலைவரை கொண்டுபோகும் லாரி வாடகையை யார் தருவது?

- தென்னை விவசாயி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்