பனிச்சரிவின் பாதையில் தொழிலாளர் முகாம் வேண்டாம்

எல்லைச் சாலைகள் அமைப்புக்கும் உத்தராகண்ட் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் வணக்கம்.

2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்தை அடுத்த மாணா அருகே சாலைப்பணி முகாம் பனிச்சரிவில் புதைந்தது. சிக்கிய 54 தொழிலாளர்களில் 46 பேரை மீட்டார்கள். 8 பேர் இறந்தார்கள். இரும்புக் கன்டெய்னர்களுக்குள் இருந்த காற்று பலரைக் காப்பாற்றியது உண்மைதான். அதற்காகக் கன்டெய்னரே போதும் என்று இருந்துவிடக் கூடாது. மாற வேண்டியது முகாமின் இடம்.

இடத்தைச் சோதிக்கக் கோணம் அளக்கும் சிறு கருவி போதும். முகாம் போடும் இடத்தில் நின்று, மேலே பனி சேரும் சரிவின் உச்சியைப் பாருங்கள். கோணம் 25 டிகிரியைத் தாண்டினால் அங்கே ஒரு கூடாரம்கூட வேண்டாம். 18-க்குக் கீழே என்றால் பெரிய பனிச்சரிவும் அநேகமாக எட்டாது. இடைப்பட்ட கோணத்தில் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். குளிர்காலத்தில் மாணா மக்களே ஊரைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறார்கள். அந்த வழக்கத்தை மதிக்காமல் அங்கே ஆட்களைத் தங்கவைப்பது எங்களுக்குப் பொறுக்கவில்லை.

பனி குறைந்த டிசம்பரும் ஜனவரியும் பாதுகாப்பானவை என்ற எண்ணம் தவறு. பனியின் ஆழம் 60 செ.மீ., தரையோரம் 0 டிகிரி, மேற்பரப்பில் மைனஸ் 15 என்று வையுங்கள். 10 செ.மீ.க்கு 2.5 டிகிரி வித்தியாசம். 1 டிகிரியைத் தாண்டினாலே அடியிலிருந்து நீராவி எழுந்து, அடிப்பனி ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாகிவிடும். கையில் அள்ளினால் சர்க்கரையாக உதிரும். பிப்ரவரியில் மேற்கத்திய இடையூறு, அதாவது மேற்கிலிருந்து மழையும் பனியும் கொண்டுவரும் வானிலை அமைப்பு, வந்து அதன்மேல் ஒரு மீட்டர் புதுப்பனியைக் கொட்டினால் அந்த அடுக்கு தாங்காது. 30 முதல் 45 டிகிரி சரிவுகளில் மேலே உள்ள பாளம் மொத்தமாகப் பெயர்ந்து வரும்.

இதைத் தோண்டிப் பார்த்தே அறியலாம். அதே திசை நோக்கிய, ஆபத்தில்லாத சிறு சரிவில் குறுக்கே 90 செ.மீ. அகலம், சரிவின் மேல்நோக்கி 30 செ.மீ. நீளத்துக்கு ஒரு பனித்தூணைத் தனியாக வெட்டுங்கள். ஒரு முனையில் மண்வெட்டித் தகட்டை வைத்து மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என்று தட்டுங்கள். விரிசல் மறுமுனைவரை ஓடினால் மேல்சரிவை நம்பாதீர்கள். ஓடாவிட்டாலும் ஒரே குழியை வைத்து மலை முழுவதற்கும் சான்றிதழ் தரக் கூடாது.

மாணாவில் முந்தைய நாளே எச்சரிக்கை வந்திருந்தது. அப்படி ஒன்று வந்தால், பனிச்சரிவு அபாயத்தின் ஐந்து நிலைகளில் நான்காவதிலேயே முகாமைக் காலிசெய்யும் அதிகாரம் அங்கேயே தங்கியிருக்கும் ஒருவர் கையில், எழுத்து மூலமாக, இருக்க வேண்டும். மேலிட அனுமதிக்குக் காத்திருக்க நேரமிருக்காது. ஒவ்வொருவர் உடம்பிலும், பையில் அல்ல, புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் 457 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞைக் கருவி. முகாமில் துழாவும் கம்பிகள், உலோக மண்வெட்டிகள். பனிக்குள் வெறும் உடம்போடு புதைந்தவருக்குப் பிழைக்கும் வாய்ப்பு 15 நிமிடத்துக்குப் பிறகு வேகமாகச் சரியும். ஹெலிகாப்டர் அதற்குள் வராது. பக்கத்தில் இருப்பவர்தான் தோண்டியாக வேண்டும்.

வரும் அக்டோபருக்குள் ஒவ்வொரு குளிர்கால முகாமின் இடத்தையும், அங்கு அளந்த கோணத்தையும், காலிசெய்ய உத்தரவிடும் பொறுப்பாளரின் பதவியையும் பொதுவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மலைப் பாதுகாப்புப் பயிற்சியாளர்கள்